ஒல்லியாக இருப்பவர்கள் எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். செமாக்ளூடைடு, டிர்செபடைடு போன்றவை, சாப்பிட்டதும் நம் குடலில் சுரக்கும் ஹார்மோன்களைப் போல வேலை செய்யும் மருந்துகள். பசியைத் தணிக்கும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 30-ஐத் தொட்டவர்களுக்கும், 27-ஐத் தொட்டு சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் போன்றவை உள்ளவர்களுக்கும் உரியவை.

மும்பை மாதுங்காவில் என் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். எடை 50 கிலோதான். ரவிக்கை அளவு ஓர் அங்குலம் குறைய வேண்டும் என்று அவள் இந்த ஊசியைப் பற்றி விசாரித்தபோது பதறிவிட்டேன். கொழுப்பு விறகு என்றால் தசை வீட்டுக் கதவு. விறகு கொஞ்சமாக இருக்கும் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தால் கதவும் அடுப்புக்குள் போகும். குமட்டல், வாந்தி, சிலருக்குப் பித்தப்பைக் கல் வேறு.

ஊசியை நிறுத்திய பிறகும் மெலிவு நிலைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். பசி திரும்பும், எடையும் பெரும்பாலும் திரும்பும்.