உதட்டுக் கொப்புளத்துக்கு இன்டர்ஃபெரான் ஊசியா?

கேள்வி: காய்ச்சல் வந்தாலே உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் கிளம்புகிறது. ரத்தம் எடுத்ததில் ஹெர்பிஸ் ஐஜிஜி பாசிட்டிவ். ‘வைரஸ் நரம்பில் இருக்கு, இன்டர்ஃபெரான் ஊசி போட்டா வெளியே வந்துடும், நானே ஏற்பாடு பண்றேன்’ என்கிறார் லேப்காரர். போடலாமா? மூளைக்குப் போய்விடுமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வேண்டாம்மா. அவர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் ஆபத்து.

ஹெர்பிஸ் வைரஸ் நரம்பில்தான் இருக்கிறது. உதட்டில் நுழைந்து, நரம்பு இழை வழியாக ஏறி, மண்டையோட்டின் அடியில் உள்ள நரம்பு முடிச்சில் படுத்துக்கொள்ளும். தோல் அணு செத்தால் இன்னொன்று முளைக்கும்; நரம்பணு போனால் போனதுதான். அதனால் உடம்பு நரம்பணுவைக் கொல்லாமல் வைரஸை அடக்கி வைக்கப் பார்க்கிறது. இன்டர்ஃபெரான் உதவுவது இங்கேதான். தொற்றிய இடத்தில் சுரக்கும் இந்தப் புரதம் பட்டதும் நரம்பணு வைரஸுக்கு வேலை செய்ய மறுக்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த நரம்பணுக்களில், இழையின் பக்கம் மட்டும் பட்டாலே வைரஸ் மேலேறுவது குறைகிறது.

சரி, அது வருவதைத் தடுக்கும் காவல். ஏற்கெனவே படுத்திருப்பதைத் துரத்தும் மருந்து இன்றுவரை இல்லை. இன்டர்ஃபெரான் ஊசி மஞ்சள் காமாலை ‘பி’ போன்றவற்றுக்குப் பயன்பட்டது. போட்டால் காய்ச்சல், உடம்புவலி, சிலருக்கு மனச்சோர்வு வரும். காய்ச்சலுக்கே கொப்புளம் வருகிற உங்களுக்கு இது எதற்கு?

அந்த ஐஜிஜி விஷயம்: பாசிட்டிவ் என்றால் வைரஸ் எப்போதோ உடம்புக்குள் வந்திருக்கிறது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேரிடம் இந்த வைரஸ் உண்டு. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்க நிற்பவர்களைப் பிடித்து ரத்தம் எடுத்தால் பாசிட்டிவ்காரர்கள் தாராளமாகக் கிடைப்பார்கள். முதலில் டெஸ்ட், அப்புறம் பயம், அப்புறம் ஊசி, கடைசியில் கமிஷன். டாக்டர் சீட்டு இல்லாமல் இதெல்லாம் நடக்கிறது, கேட்க ஆளில்லை.

மூளைக்குப் போவது மிக அரிது. ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்கிறேன். வைரஸ் நுழைந்ததைக் கண்டுகொள்ளும் டிஎல்ஆர்3 என்றொரு உணர்வி பிறவியிலேயே பழுதாக இருக்கும் சில குழந்தைகளுக்கு மூளை அணுக்களில் இன்டர்ஃபெரான் சரியாகச் சுரக்காது. மற்றத் தொற்றுகளைச் சாதாரணமாகத் தாங்கும் அந்தக் குழந்தைக்கு ஹெர்பிஸ் மட்டும் மூளைக்காய்ச்சலாகிவிடலாம். 2007இல்தான் இது தெரியவந்தது. பழுது இருக்கிறதா என்று தேடி அலைய வேண்டாம். பெரியவரோ குழந்தையோ, காய்ச்சலோடு பேச்சு குழறினால், ஆள் அடையாளம் தெரியாவிட்டால், வலிப்பு வந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மருந்தை ரத்தக்குழாய் வழியே ஏற்ற வேண்டும், ஒவ்வொரு மணியும் கணக்கு.

உங்களுக்கு அதே அசைக்ளோவிர் மாத்திரை போதும், உதடு குறுகுறுக்கும்போதே தொடங்கினால். அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கி டாக்டரைப் பார்ப்பதற்குள் கொப்புளம் உடைந்து காய்ந்தே விடும். அதனால் நன்றாக இருக்கும் நாளிலேயே போய், அடுத்த முறைக்கென்று எழுதி வாங்கி வையுங்கள்.