ஒரே அனுபவம், இரண்டு வேலைகள்: சுயவிவரத்தில் எதை மாற்றுவது?

கேள்வி: ஐந்து ஆண்டுகளாகக் கிடங்கு ஒன்றில் சரக்கு இருப்பைக் கவனித்துவருகிறேன். இருப்புக் கட்டுப்பாடு, குழுத்தலைவர் என இரண்டு வகை வேலைகளுக்கும் ஒரே சுயவிவரத்தைத்தான் அனுப்புகிறேன். அழைப்பே அரிது. வந்த ஒரு நேர்காணலிலும் “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றதுமே தடுமாறிவிட்டேன். ஒவ்வொரு வேலைக்கும் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டுமா?

பதில்: வேண்டாம். முதல் பக்கத்தின் மேல்பாதியை மாற்றினாலே போதும். ஆனால் அதற்குமுன் வேலை அறிவிப்பை நிதானமாகப் படியுங்கள். பதவிப் பெயரையும் சம்பளத்தையும் மட்டும் பார்த்து விண்ணப்பிப்பதால்தான் தகுதியுள்ள பலர் வெளியே நிற்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அறிவிப்பில் ‘கட்டாயம்’ என்று கேட்பவற்றையும் ‘இருந்தால் நல்லது’ என்பவற்றையும் பிரித்து ஒரு தாளில் எழுதுங்கள். கட்டாயமான ஒவ்வொன்றுக்கும் எதிரே, நீங்கள் செய்த வேலையிலிருந்து ஒரு சான்றைக் குறியுங்கள். பாதிக்குமேல் வெற்றிடமாக இருந்தால் அந்த வேலையை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பதே நல்லது என்பேன்.

இருப்புக் கட்டுப்பாட்டு வேலைக்கு, “மாதந்தோறும் சரக்கை எண்ணி, கணினிக் கணக்கோடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கான காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்தேன்” என்பது முதலில் வரட்டும். குழுத்தலைவர் வேலைக்கு அந்த வரி கீழே இறங்கி, புதியவர்களுக்குப் பயிற்சி அளித்ததும் பணிநேர அட்டவணை தயாரித்ததும் மேலே ஏற வேண்டும். இரண்டும் உண்மைதான்; வரிசைதான் வேறு.

பல நிறுவனங்கள் விண்ணப்பங்களை மென்பொருளில் சேமித்து, சொற்களைக் கொண்டு தேடுகின்றன. ஆகவே அறிவிப்பில் உள்ள சொல் உங்கள் வேலைக்குப் பொருந்தினால் அதையே பயன்படுத்துங்கள். கட்டங்களும், பக்கத்தை இரண்டு நெடுவரிசைகளாகப் பிரிக்கும் அமைப்பும் சில மென்பொருள்களில் குழம்பிப்போகும். எளிய வடிவமே பாதுகாப்பானது.

நேர்காணலுக்கும் அதே தாள்தான் உதவும். முறையாக நடக்கும் நேர்காணல்களில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, வேலைக்குத் தேவையான திறன்களின்படி மதிப்பெண் இடுவார்கள். பணித்திறனை முன்கூட்டிக் கணிப்பதில் இத்தகைய நேர்காணல்கள் முன்னிலையில் இருப்பதை 2022இல் வெளியான, உளவியலாளர் பால் சாக்கெட் குழுவினரின் ஆய்வும் காட்டியது. எனவே கட்டாயத் தகுதிகளிலிருந்தே பெரும்பாலான கேள்விகள் வரும். ஒவ்வொரு சான்றையும் சூழல், உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைவு என்ற வரிசையில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனப்பாடம் செய்யாதீர்கள், கேள்வி சற்று மாறினாலும் பதில் கைவிட்டுப் போகும். “நாங்கள் செய்தோம்” என்றே சொல்லிக்கொண்டிருந்தால் உங்கள் பங்கு எது என்பது அவர்களுக்குப் புரியாது.

உங்களைத் தடுமாறவைத்த அந்த முதல் கேள்விக்கு வாழ்க்கை வரலாறு தேவையில்லை. இப்போது பார்க்கும் வேலை, இந்தப் பதவிக்கு நெருக்கமான ஒரு சான்று, இதை விரும்பும் காரணம் ஆகிய மூன்றையும் ஒன்றரை நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

அறிவிப்பின் நகலையும் அதற்கு அனுப்பிய சுயவிவரத்தையும் ஒன்றாகச் சேமித்துவையுங்கள். கடைசித் தேதி முடிந்ததும் அறிவிப்பை இணையத்திலிருந்து நீக்கிவிடுவதுண்டு. அழைப்போ அதற்குப் பிறகுதான் வரும்.