கணிதம் படிக்கட்டும், நிலம் இருக்கட்டும்

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு குடும்பம் ஆலோசனைக்கு வந்திருந்தது. குறுவையும் சம்பாவும்தான் வருமானம். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்திருக்கிறாள். அவளுக்குக் கணிதம் படிக்க ஆசை. பெரியப்பாவும் மாமாவும் சென்னைக்கு அருகில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவுப் பொறியியலுக்கு இடம் பேசிவிட்டார்கள். இரண்டு மா நஞ்சையை விற்றுப் பணம் கட்டுவதாக ஏற்பாடு. "பி.எஸ்சி. கணக்கு என்றாலே சொந்தக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள்" என்று சொல்லித் தாய் கண் கலங்கினார். இதே கேள்வியோடு டெல்டாவில் பல வீடுகள் தவிக்கின்றன என்பதால், அவர்களிடம் சொன்னதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நிலத்தை விற்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. பொறியியல்தான் வேண்டும் என்று பிள்ளையே கேட்டாலும் விற்கத் தேவையில்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேருபவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அந்தக் கதவு திறந்திருக்கும்போது கலந்தாய்வுக்கு வெளியே லட்சக்கணக்கில் கொட்டச் சொல்லும் உறவினர், அந்தப் பணத்தில் ஒரு ரூபாயாவது தான் தருவாரா என்று கேளுங்கள்.

அடுத்து, பெரியப்பா உயர்த்திப் பேசும் அந்தப் படிப்புக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். செயற்கை நுண்ணறிவின் அடித்தளம் அணிகளும் திசையன்களும் அடங்கிய நேரியல் இயற்கணிதம், வகைநுண்கணிதம், நிகழ்தகவு. படமோ குரலோ எதுவானாலும் கணினிக்குள் எண்களின் அணியாகத்தான் நுழைகிறது. விடையில் உள்ள பிழையைப் படிப்படியாகக் குறைக்க வகைக்கெழு வேண்டும். எந்த விடைக்கு வாய்ப்பு அதிகம் என்று சொல்ல நிகழ்தகவு வேண்டும். இவற்றை ஊன்றிப் படிக்காமல் பெயருக்காக அந்தப் படிப்பில் சேர்வது, நாற்றங்கால் விடாமல் நடவுக்கு ஆள் அழைப்பது போன்றது.

ஆனால் கணிதம் என்று ஆசைப்படும் பிள்ளையும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லூரிக் கணிதம் பள்ளிக் கணிதத்தின் நீட்சி அல்ல. பள்ளியில் விடை கண்டுபிடித்தால் மதிப்பெண். அங்கே அந்த விடை ஏன் சரி என்று நிறுவ வேண்டும். பிளஸ் டூ புத்தகத்தின் கடைசிப் பாடமான தனிநிலைக் கணிதத்தில் ஈருறுப்புச் செயலி, அடைவுப் பண்பு, சேர்ப்புப் பண்பு, சமனி, நேர்மாறு என்று வருகிறதே, பலர் மனப்பாடம் செய்து கடந்துவிடும் அந்தப் பக்கங்கள்தான் உயர் இயற்கணிதத்தின் வாசல். இந்த நான்கு பண்புகளும் சேர்ந்து அமைந்தால் அந்த அமைப்புக்குக் குலம் (group) என்று பெயர். முழுக்கள் கூட்டலின் கீழ் ஒரு குலம். பெருக்கலின் கீழ் அல்ல, ஏனென்றால் 2-க்கு முழுக்களுக்குள் பெருக்கல் நேர்மாறு இல்லை. கூட்டலையும் பெருக்கலையும் சேர்த்துப் பார்த்தால் முழுக்கள் வளையம் (ring) என்ற அமைப்பு. பூச்சியம் தவிர எல்லாவற்றுக்கும் பெருக்கல் நேர்மாறு உள்ள விகிதமுறு எண்கள் களம் (field) என்ற அமைப்பு.

பகுப்பாய்வு (analysis) என்ற கணிதப் பிரிவு இன்னொரு உலகம். 1 + 1/2 + 1/3 என்று கூட்டிக்கொண்டே போங்கள். 1 + 1/4 + 1/9 என்றும் கூட்டுங்கள். இரண்டிலும் உறுப்புகள் சுருங்கிக்கொண்டேதான் வருகின்றன. ஆனால் முதலாவது வரம்பில்லாமல் வளர்கிறது, இரண்டாவது 2-ஐக் கூடத் தொடுவதில்லை. ஏன் என்று கேட்டு உறங்காமல் கிடக்கும் பிள்ளைக்கு எல்லை, ஒருங்குதல், தொடர்ச்சி எல்லாம் விருந்து. எண்கோட்பாட்டுக்குப் பயன் இல்லை என்பார்கள். இரு பெரிய பகா எண்களின் பெருக்கற்பலனைக் காரணிப்படுத்துவது கடினம் என்ற ஒரே உண்மையின் மேல் 1977-இல் உருவான, தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மறையாக்க முறை இணையப் பாதுகாப்பில் பெரும்பங்கு வகித்திருக்கிறது. வடிவத்தை இழுத்தாலும் வளைத்தாலும் மாறாத பண்புகளைத் தேடும் இடத்தியல் பெரும்பாலும் முதுகலையில்தான் விரிவாக வரும். இப்போதைக்குப் பெயர் தெரிந்தால் போதும்.

இனி வழி. தஞ்சை குந்தவை நாச்சியார் கல்லூரி, கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரி போன்ற ஓர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம். நீடாமங்கலத்திலிருந்து தஞ்சைக்கு ரயிலிலேயே போய்வரலாம். அரசுப் பள்ளி மாணவி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். இந்தப் பட்டத்தோடு நின்றுவிட்டால் வேலைச் சந்தையில் வலு குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். நான் சொல்லும் பாதை மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில் வரும் ஜாம் (JAM) என்ற முதுகலை அறிவியல் நுழைவுத்தேர்வு வழியாகப் போகிறது. மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். முதல் பகுதியில் மட்டும் தவறான விடைக்கு மதிப்பெண் கழியும். கணிதத் தாளில் தொடர்முறைகள், தொடர்கள், பல மாறிகளின் நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், நேரியல் இயற்கணிதம், குலங்கள்: மேலே சொன்னவற்றில் பாதி இதில் இருக்கிறது. தேறினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி.; அதே மதிப்பெண்ணில் தனிக் கலந்தாய்வு வழியாகத் திருச்சி என்.ஐ.டி. போன்றவையும் உண்டு. பொறியியல் நுழைவுத்தேர்வுக்கு இரண்டு ஆண்டு பயிற்சிக் கட்டணம் கட்டியும் நுழைய முடியாத வளாகத்துக்குள் இவள் முதுகலைக்குப் போகலாம். இடையில் கோடை விடுமுறைகளில், 1993 முதல் நடக்கும் எம்.டி.டி.எஸ். (MTTS) என்ற கணிதப் பயிற்சி முகாமுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே கேள்வி கேட்கவும் நிறுவலைக் கரும்பலகையில் விளக்கவும் பழக்குகிறார்கள். முதுகலைக்குத் தேசிய உயர் கணித வாரியத்தின் உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. அதன்பின் ஆராய்ச்சி, கல்லூரி ஆசிரியப் பணி, காப்பீட்டுக் கணிப்பு, தரவு சார்ந்த வேலைகள் என்று பிரியும்.

"ராமானுஜனே துறைமுகத்தில் குமாஸ்தாவாகத்தானே இருந்தார்" என்று மாமா கேட்டாராம். 1912-இல் அவர் அந்த வேலையில் சேர்ந்தது உண்மை. கும்பகோணம் கல்லூரியில் கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களில் தவறியதால் உதவித்தொகையை இழந்ததும் உண்மை. அதிலிருந்து நான் எடுப்பது ஒன்றுதான்: ஆங்கிலத் தாளைக் கைவிடக் கூடாது. தமிழ்வழியில் படித்தவளுக்கு ஜாம் தேர்வும் பாடநூல்களும் ஆங்கிலத்தில்தான். முதல் பருவத்திலிருந்தே தினம் ஒரு நிறுவலை ஆங்கிலத்தில் எழுதிப் பழக வேண்டும். அதே கும்பகோணத்தில் 2005 முதல் 32 வயதுக்கு மேற்படாத கணித அறிஞர்களுக்கு ராமானுஜன் பெயரில் பரிசு வழங்கப்படுகிறது. 2006-இல் அதைப் பெற்றவர் உலகப் புகழ்பெற்ற கணித அறிஞர் டெரன்ஸ் டாவோ. மாமாவுக்கு அதையும் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. அவளிடம் √2 விகிதமுறா எண் என்பதையும், பகா எண்கள் முடிவில்லாதவை என்பதையும் கொடுத்து, யார் உதவியும் இல்லாமல் நிறுவச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஆகட்டும். முடிக்காவிட்டாலும் பாதகமில்லை. விடாமல் முட்டிக்கொண்டிருக்கிறாளா, எரிச்சலோடு மூடி வைக்கிறாளா என்று பாருங்கள். மூடி வைத்தால் கணிதத்தை நானே வேண்டாம் என்பேன். முட்டிக்கொண்டிருந்தால், அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பத்தை இந்த வாரமே இணையத்தில் நிரப்புங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று மூன்றையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.