இரண்டு ஆள் கூலியும் ஒரு நாள் ஓரியன்டேஷனும்

மேடம், வணக்கம்.

நானும் என் மனைவியும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். நான் ஓவர்லாக், அவர் செக்கிங். எங்கள் மகள் அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சீட் வாங்கியிருக்கிறாள். எங்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் காலேஜ் வாசல் மிதிக்கும் முதல் ஆள் அவள்தான். ஹாஸ்டலில் சேர்க்கிறோம். வருகிற புதன்கிழமை முதலாமாண்டு ஓரியன்டேஷன், பெற்றோர் இருவரும் கட்டாயம் வர வேண்டும் என்று மெசேஜ் வந்திருக்கிறது. இரண்டு பேரும் போனால் இரண்டு ஆள் கூலி போகும். போன வருடம் மகனைச் சேர்த்த பக்கத்து வீட்டுக்காரர், எல்லாம் இங்கிலீஷில் பேசுவார்கள், சாப்பாடு போட்டு அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான் என்கிறார். மகளும், நானே போய்க்கிறேன், நீங்க வர வேண்டாம்ப்பா என்கிறாள். நாங்கள் அங்கே போய் என்ன செய்யப் போகிறோம்? நீங்கள் காலேஜில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.)

அன்புள்ள நண்பருக்கு,

போங்கள். இரண்டு பேரும் போக முடியாவிட்டால் ஒருவராவது போங்கள். யார் என்று கேட்டால், மகள் ஏதாவது ஒன்று என்றால் முதலில் யாரிடம் வாய் திறப்பாளோ அவர் போகட்டும். அம்மா என்றால் அம்மாதான்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பொய் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் இந்த நிகழ்ச்சிகளை மேடையிலிருந்தும் ஹாலின் ஓரத்தில் நின்றும் பார்த்திருக்கிறேன். காலை முதல் பஸ் பிடித்து எட்டரைக்கே வந்து உட்கார்ந்தவர்கள் பத்தரை மணிக்கு வரும் சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருப்பார்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, அப்புறம் எந்தக் கம்பெனி எத்தனை லட்சம் சம்பளத்துக்கு ஆள் எடுத்தது என்று திரையில் ஓடும் படங்கள். நடுவில் செல்போன், டிரெஸ் கோடு, அபராதம் பற்றி ஒரு எச்சரிக்கை. சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தபடி, மற்றவர்கள் கை தட்டும்போது தானும் தட்டுகிற அப்பாக்களை எல்லா வருடமும் பார்த்தேன். அவர்களுக்காகத்தான் அந்த நிகழ்ச்சி, ஆனால் அவர்களுக்குப் புரியும்படி அங்கே யாரும் பேசியதில்லை. முதலில் நானும் பேசியதில்லை. அதைச் சொல்லாமல் உங்களைப் போகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஒரு வருடம் நான் முதலாமாண்டு வகுப்பு ஒன்றுக்கு டியூட்டர், அதாவது வகுப்புப் பொறுப்பாசிரியர். ஓரியன்டேஷன் அன்று தேர்வு விதிகளைப் பற்றி இருபது நிமிடம் ஆங்கிலத்தில் பேசினேன், எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லிவிட்டோம் என்ற நிறைவோடு இறங்கினேன். இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் அக்கவுன்ட்ஸ் பிரிவிலிருந்து ஒருவரை என்னிடம் அனுப்பினார்கள். அரசு பஸ் டிரைவர், என் பழைய மாணவன் ஒருவனின் அப்பா. ட்யூட்டி முடித்து காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. அதிலிருந்து நான்கு ரசீதுகளை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். "ஒவ்வொரு செமஸ்டரும் அரியர் கட்டணும்னு பையன் வாங்கிட்டு வர்றானுங்க. நானும் கட்டிக்கிட்டேதான் இருக்கேன். பாக்கி குறையவே மாட்டேங்குது. கணக்குல எங்கயாவது தப்பு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அவருக்கு அரியர் என்றால் நிலுவைப் பணம். அவர் வேலையில் அகவிலைப்படி அரியர் வரும், சம்பள அரியர் வரும், அந்தச் சொல்லை அவர் அறிந்தது அப்படித்தான். காலேஜ் ஃபீஸில் ஏதோ பாக்கி இருக்கிறது என்று நினைத்து, தேறாத பாடங்களை மறுபடி எழுதுவதற்கான தேர்வுக் கட்டணத்தை நான்கு முறை கட்டியிருக்கிறார். பையன் பொய் சொல்லவில்லை, அப்பா நினைத்துக்கொண்டதைத் திருத்தவும் இல்லை. நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "அன்னிக்கு ஹால்ல நீங்க பேசினீங்களே, இதைத்தான் பேசினீங்களா" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு நான் ஓரியன்டேஷனில் ஒரு வார்த்தைகூட ஆங்கிலத்தில் பேசவில்லை. யார் கேட்டாலும் காரணமாக அந்த நான்கு ரசீதுகளைத்தான் சொல்வேன்.

படித்த குடும்பங்களில் இதெல்லாம் சாப்பிடும்போதே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. அக்கா சொல்வாள், சித்தப்பா சொல்வார். உங்கள் வீட்டில் சொல்ல ஆள் இல்லை. அதனால் ஓரியன்டேஷன் யாருக்காவது உண்மையில் தேவை என்றால் அது உங்களுக்குத்தான். ஹாலில் சொல்லாமல் விட்டால் என்ன ஆவது என்று, முக்கியமானதை மட்டும் நானே இங்கே சொல்லிவிடுகிறேன்.

அரியர் என்றால் தேறாமல் நிற்கும் பாடம். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் கல்லூரி என்றால், அதனால் உடனே வருடம் வீணாகாது, அடுத்த செமஸ்டரில் உட்கார்ந்தபடியே பழைய பாடத்தை மறுபடி எழுதலாம். பள்ளியில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகளே முதல் செமஸ்டர் கணிதத்தில் தடுக்கி விழுகிறார்கள், அது நடக்கிறதுதான். ஆனால் சேர்த்துக்கொண்டே போகக் கூடாது. வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகள் பலவும் அரியர் நிலுவையில் இருந்தால் உள்ளேயே விடுவதில்லை. வருகைப்பதிவு 75 சதவீதம் இருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் தேர்வெழுதுவது சிக்கல். உடம்பு சரியில்லாமல் போனால் மருத்துவச் சான்றிதழை அன்றைக்கே வாங்கி வைக்கச் சொல்லுங்கள், பிறகு தேடி அலைய வேண்டாம்.

ஃபீஸ் விஷயம் இன்னும் முக்கியம். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் பிள்ளைகளின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்று 2021-ல் முதலமைச்சர் அறிவித்தார். அதையும் மீறி வேறு பெயரில் ஏதாவது கேட்டால், இது எதற்கு, இது அரசு கொடுப்பதில் சேராதா என்று அக்கவுன்ட்ஸ் ஜன்னலில் நின்று நிதானமாகக் கேளுங்கள். கட்டினால் ரசீது இல்லாமல் நகராதீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை மகள் அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் இது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும், எனவே அதைப் பார்க்கும் ஆசிரியர் யார் என்று அன்றைக்கே தெரிந்துகொண்டு வாருங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. எங்களிடமே இருக்கட்டும் என்றால் எதையெல்லாம் வாங்கினார்கள் என்று எழுதி வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மூன்று செட் ஜெராக்ஸ் வீட்டில் இருக்கட்டும்.

ராகிங் பற்றி ஒரு படிவத்தில் உங்கள் கையெழுத்தும் மகள் கையெழுத்தும் கேட்பார்கள். படிக்காமல் போட்டுவிட வேண்டாம். அந்தப் படிவத்துக்குப் பின்னால் பிள்ளைகளின் உயிர் இருக்கிறது. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முதலாமாண்டு படித்த பொன் நாவரசு கொல்லப்பட்டபோது தமிழ்நாடே உறைந்துபோனது. அடுத்த வருடம் ராகிங் தடைச் சட்டம் வந்தது, இரண்டு வருடம் வரை சிறை. பிறகு 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவன் இறந்தான். அந்த ஆண்டே யுஜிசி நாடு முழுக்கப் பொருந்தும் விதிமுறைகளைக் கொண்டுவந்தது. நீங்கள் கையெழுத்துப் போடும் உறுதிமொழி அதிலிருந்து வந்ததுதான். அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது: புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும், உதவி தேவைப்பட்டால் யாரிடம் போக வேண்டும் என்பதை அச்சிட்ட துண்டறிக்கையாகக் கொடுக்க வேண்டும். நம்மிடம் கையெழுத்து வாங்குவதை எந்தக் கல்லூரியும் மறப்பதில்லை, நமக்குத் தர வேண்டிய இந்தத் தாளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கேட்டு வாங்குங்கள். ராகிங் புகார்களுக்கான 1800-180-5522 என்ற இலவச எண்ணை மகள் போனிலும் உங்கள் போனிலும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். பாலியல் சீண்டல் புகார்களுக்கு உள்ளகப் புகார் குழு என்று தனியாக ஒன்று எல்லாக் கல்லூரியிலும் இருக்க வேண்டும். அதன் தலைவர் யார் என்பதை அம்மா கேட்டால் மகளுக்கும் அது கேட்கக் கூடிய விஷயம்தான் என்று தெரியும்.

பேச்சு முடிந்து சாப்பாட்டுக்கு எழுந்திருப்பார்கள் இல்லையா, உங்கள் வேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. பந்திக்கு அவசரம் இல்லை. மகளின் வகுப்பு டியூட்டர் யார் என்று விசாரித்து, நேரில் போய் நின்று, இவள் எங்கள் மகள், எங்கள் வீட்டில் முதலில் காலேஜுக்கு வருகிறவள் இவள்தான் என்று தமிழில் சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமே இல்லை. அறுபது பேரில் ஒரு முகத்தைப் பெற்றோர் முகத்தோடு சேர்த்துப் பார்த்துவிட்டால் ஆசிரியர்களுக்கு அது மறக்காது, என் அனுபவத்தில் சொல்கிறேன். அப்புறம் ஹாஸ்டலுக்குப் போங்கள். அறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் அம்மா குளியலறையையும் தண்ணீர்க் குழாயையும் கழிப்பறைத் தாழ்ப்பாளையும் பார்க்கட்டும். இரவில் காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வண்டியில், யார் கூட்டிப் போவார்கள் என்று வார்டனிடம் கேளுங்கள். அவர் யோசிக்காமல் பதில் சொன்னால் நல்ல ஹாஸ்டல்.

இதெல்லாம் ஒரு நாள் சடங்காகச் சுருங்கியதே எனக்குப் பெரிய வருத்தம். 2011-ல் காந்திநகர் ஐஐடியில், புதிய மாணவர்களுக்குப் பாடமே இல்லாமல் ஐந்து வாரம் விளையாட்டு, கலை, ஊர் சுற்றிப் பார்ப்பது, மனிதர்களோடு பழகுவது என்று தொடங்கினார்கள். பிளஸ் டூ மார்க்குக்காக ஓடி ஓடிக் களைத்து வரும் பிள்ளையைக் கொஞ்சம் மூச்சு விடவைத்து, புதிய இடத்தில் கால் ஊன்றவைக்கிற யோசனை அது. பிறகு ஏஐசிடிஇ எனும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு எல்லா இன்ஜினியரிங் கல்லூரிக்கும் மூன்று வார அறிமுகப் பயிற்சி என்று வகுத்தது, 2019-ல் யுஜிசியும் தீக்‌ஷாரம்ப் என்ற பெயரில் மற்றப் படிப்புகளுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. தாளில் எல்லாம் நன்றாக இருக்கிறது. நடப்பில் பல கல்லூரிகளில் அந்த மூன்று வாரமும் வரிசையாக விருந்தினர் சொற்பொழிவுகளாகிவிடுகிறது, இல்லாவிட்டால் நான்காம் நாளே பாடம் தொடங்கிவிடுகிறது. உங்கள் மகள் கல்லூரியில் அந்த மூன்று வாரம் ஒழுங்காக நடந்தால் ஒரு நாளும் விடாமல் போகச் சொல்லுங்கள். பாடம் இல்லையே, வீட்டுக்கு வந்துவிட்டு அப்புறம் போகிறேன் என்று கிளம்பும் பிள்ளைகள்தான் பிறகு நட்பு இல்லாமல் தனியாக நிற்பார்கள். கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் கிடைப்பது அந்த நாட்களில்தான்.

தமிழ் வழியில் படித்தவள் என்றால் முதல் ஒன்றிரண்டு மாதம் வகுப்பில் பாதி புரியாது. போனில் அழுதால், கஷ்டமாக இருந்தால் வந்துவிடு என்று மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். புரியாததைத் தமிழில் கேட்கலாமா என்று அந்தந்த ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், அவர்களில் பலரும் அப்படி வந்தவர்களே.

மகள் வர வேண்டாம் என்பதைப் பற்றி. நீங்கள் எழுதாவிட்டாலும் அது உங்களை உறுத்துகிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. உங்களைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்று நினைக்க வேண்டாம். வெட்கமாகவே இருந்தாலும் பதினேழு வயதில் அது பெரிய குற்றம் இல்லை. ஆனால் எனக்குத் தோன்றுவது வேறு. இரண்டு ஆள் கூலி என்ன என்று சனிக்கிழமை சனிக்கிழமை சம்பளக் கவரைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள், அதைத் தன்னால் இழக்க வேண்டாம் என்று பார்க்கிறாள். அவளிடம் நேராகவே கேளுங்கள். அங்கே போனதும் அவள் தோழிகளோடு உட்கார விரும்பினால் விடுங்கள், நீங்கள் பின்வரிசையில் இருங்கள். கிளம்பும்போது மட்டும் பத்து நிமிடம் அவளோடு தனியாக நடங்கள், கேன்டீன் வரைக்கும் போய் ஒரு டீ குடியுங்கள். அரியர் விழுந்தாலும் முதலில் எங்களிடம் சொல் கண்ணு, திட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டு, திட்டாமலும் இருங்கள்.

கம்பெனியில் லீவு திங்கட்கிழமையே சொல்லிவிடுங்கள். புதன் இரவு முடிந்தால் இரண்டு வரி எழுதுங்கள், அந்தத் துண்டறிக்கை கையில் வந்ததா என்று தெரிந்துகொள்ள ஆசை.