வெயிலில் ஜாஸ் கலைஞர்கள் ஏன் அடிக்கடி சுருதி சேர்க்கிறார்கள்?

கோடையில் திறந்தவெளி ஜாஸ் விழாக்களில் பாட்டுக்குப் பாட்டு சுருதி பார்க்கிறார்களே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். வெயில்தான் காரணம். 20 டிகிரியில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். 35 டிகிரியில் சுமார் 352. குழலுக்குள் காற்று சூடானால் ஒலி வேகமாக ஓடும், அதனால் சாக்ஸபோனின் சுருதி ஏறும். டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் கம்பியோ சூட்டில் தளர்ந்து இறங்கும். ஒன்று மேலே, ஒன்று கீழே. அதுதான் பெரிய அவஸ்தை. சாக்ஸபோன்காரர் ஊதுவாயைத் துளி வெளியே இழுப்பார். குழல் நீண்டு சுருதி இறங்கும்.

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பங்குனி வெயிலில் நாதஸ்வரக்காரர் கெண்டை என்ற சின்ன உலோகக் குழாயில் நூல் சுற்றி, அதில் செருகிய சீவாளியை, அதாவது ஊதும் நாணலை, சற்று உயர்த்துவதும் இதே வேலைதான். பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்: சீவாளியை உதட்டில் நனைத்து, ஒரு சின்ன ஊதல், ஆதார சுருதி பிடிக்கும் ஒத்துக்காரரிடம் ஒரு பார்வை, மறுபடி இன்னொரு சுற்று நூல்.