வகுப்பறையில் அடிமை முறை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மண்டபம் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். அமெரிக்க அடிமை முறை நடத்தும்போது, இதெல்லாம் நம் ஊரிலும் இருந்தது என்று சொல்லி, கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கையின் மலைத் தோட்டங்களுக்கு, கூலி வேலைக்குப் போனவர்கள் பட்ட பாட்டையும், இந்த மாவட்டத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நேர்ந்ததையும் பேசினேன். இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் மாணவி ஒருத்தியை எழுப்பி, அவள் பாட்டியின் கதையைச் சொல்லச் சொன்னேன். பாதியிலேயே அழுதுவிட்டாள். மறுநாள் சில பெற்றோர் வந்து, "எங்க பிள்ளைகளைக் குத்தவாளி ஆக்குறீங்களா?" என்று சண்டை பிடித்தார்கள். தலைமையாசிரியர் புத்தகத்தில் உள்ளதை மட்டும் நடத்தச் சொல்கிறார். நான் என்ன செய்யட்டும்?

– ஓர் ஆசிரியர் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாடத்தை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் அந்தப் பெண்ணை எழுப்பியது தவறு, அதை மழுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவள் பள்ளிக்கு வருவது படிக்க. தன் வீட்டுத் துயரத்துக்குச் சாட்சி சொல்லும் பொறுப்பை அந்த வயதில் அவள் தலையில் ஏற்றக் கூடாது. அவள் அழுததைப் பார்த்த மற்றப் பிள்ளைகள் பரிதாபப்பட்டிருப்பார்கள். அது எப்படி நடந்தது, யார் நடத்தினார்கள், யாருக்கு லாபம் என்பதில் ஒன்றும் அவர்களுக்கு விளங்கியிருக்காது. அதை விளக்க வேண்டியது நீங்கள்தான்.

வெளிநாட்டுப் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லிங்கன், 1865, விடுதலை என்று முடித்துவிடுகிறோம். பிரிட்டன் 1833இல் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அது யாருக்குப் போயிருக்கும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அடிமைகள் கைக்கு ஒரு காசு வரவில்லை, மொத்தமும் முதலாளிகளுக்குத்தான். இந்தியாவில் 1843இன் ஐந்தாம் சட்டம் வரும்வரை ஆள்மீதான உரிமையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கமும் இல்லை அது: பஞ்சத்தில் தன்னையும் குடும்பத்தையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்கள் சோழர் கல்வெட்டிலேயே இருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டுப் பஞ்சங்களில் சோழமண்டலக் கரையிலிருந்து டச்சுக்காரர்கள் இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) ஆட்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள்.

இனி உங்கள் ஊர். கண்டிக்குப் போனவர்களை அடிமைகள் என்று சொல்லித்தராதீர்கள். சட்டப்படி அவர்களுக்கு உடைமைக்காரன் கிடையாது. கடன் இருந்தது, அதைத்தான் பொறுமையாக விளக்க வேண்டும். தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணி பெரும்பாலும் தெரிந்த ஆள், சொந்த ஊர்க்காரர். முன்பணம் கொடுப்பார். ஊரில் இருக்கும் கடனை அடைக்க, வீட்டில் விட்டுப்போகிறவர்களுக்குக் கொடுக்க என்று அது கரைந்துவிடும். ஆரம்ப காலத்தில் பாம்பனிலும் தேவிபட்டினத்திலும் தோணி ஏறி மன்னாரில் இறங்கி, மாத்தளைவரை காட்டுவழியே நடந்தார்கள். வழியிலேயே காலராவில் செத்தவர்கள் ஏராளம். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் வந்தது. பிறகு மண்டபம் முகாமில் சில நாள் அடைத்துவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து, அம்மை குத்தி அனுப்பினார்கள்.

தகர டிக்கெட்டை வகுப்பில் வரைந்து காட்டுங்கள். சின்னத் தகரத் தகடு. அதில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் இருக்கும், பெயர் இருக்காது. கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். அது இருந்தால் ரயிலுக்கும் கப்பலுக்கும் கையில் காசு வேண்டாம், செலவைத் தோட்டத்தின் பேரில் எழுதிக்கொள்வார்கள். தோட்டம் அதை ஆளின் கடனில் ஏற்றும். அங்கே போனதும் அரிசி, கம்பளி என்று பற்று வளரும். இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமென்றால் பழைய தோட்டம் 'துண்டு' தர வேண்டும். இத்தனை ரூபாய் பாக்கி, அதைக் கட்டுகிறவர் இவர்களைக் கூட்டிப்போகலாம் என்பது அந்தச் சீட்டின் சாரம். சொல்லாமல் ஓடினால் சிறை. துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. பற்றுக்கணக்கு ஒன்றை நீங்களே தயார்செய்து பிள்ளைகளிடம் கொடுத்து, எத்தனை வருடத்தில் இந்தக் கடன் தீரும் என்று கூட்டிக் கழிக்கச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். இதற்கு யாரும் எழுந்து நின்று அழ வேண்டியதில்லை.

1948இல் இலங்கை அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. அப்படித் திரும்பியவர்கள் இறங்கியதும் இதே கரையில்தான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, அந்தக் கோபம் வகுப்பிலும் இருக்கலாம்.

பெற்றோர் விஷயம். எந்தப் பிள்ளையும் குற்றவாளி இல்லை என்பதை அவர்கள் கேட்காமலே சொல்லிவிடுங்கள். ஆனால் 1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் போட்டார்கள், அதை மறைக்க முடியாது. பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ போகக் கூடாது. கிராப்பு கூடாது. மண்சட்டி தவிர வேறு பாத்திரம் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், ஆடுமாடுகளைக் கொள்ளையடித்தார்கள். குடிசை எரியும் என்று தெரிந்தும் மீறியிருக்கிறார்கள், பாருங்கள். அந்த இடத்தில் நின்று நிறையப் பேசுங்கள். குடிசை எரிந்ததை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை தன் முன்னோர்களை அடி வாங்கியவர்களாக மட்டுமே அறியும். அவர்கள் சட்டை போட்டதும் செருப்புப் போட்டதும் அதற்குத் தெரிய வேண்டும்.

தலைமையாசிரியரிடம் இரண்டு பாடவேளை கேளுங்கள், போதும். ஒன்றில் அந்த 2 கோடி பவுண்டு, இன்னொன்றில் பற்றுக்கணக்கு. அந்தப் பெற்றோர் மறுபடி வந்தால் பின்பெஞ்சில் உட்காரவைத்துப் பாடத்தை நடத்துங்கள்.