சாவி கடைசியில்: நின்றுபோன பழைய கார்களுக்கான கேள்வி பதில்

மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஷெட்டில் நின்ற கார் கிளம்ப மறுத்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது? சேலத்திலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகளுக்கு, பழைய வண்டிகளின் உள்ளும் புறமும் அறிந்த ஒருவர் சொன்ன பதில்கள்.

கன்னங்குறிச்சியிலிருந்து: 96 மாடல் மாருதி 800ங்க. பதினாலு மாசமா போர்ட்டிகோவுல நிக்குது. சாவியத் திருப்புனா 'டிக்'னு ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் மோட்டார் போயிருச்சு, மாத்துங்கன்னு சொல்றாங்க. மாத்திரட்டுங்களா?

மாற்றாதீர்கள், சத்தத்தைக் கேளுங்கள். ஒரே ஒரு 'டிக்' என்றால் சோலனாய்டு (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் சுவிட்ச்) இழுக்கிறது, ஆனால் மோட்டாரைச் சுழற்றும் அளவுக்குக் கரண்ட் போய்ச் சேரவில்லை. தையல் மெஷின் மாதிரி 'டிக்டிக்டிக்' என்று அடித்தால் பேட்டரி காலி. எதுவுமே கேட்காவிட்டால் சாவி சுவிட்ச், ஃபியூஸ், அல்லது சோலனாய்டுக்கு வரும் சின்ன ஒயர். இன்னொரு சோதனை: ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரி அல்லது டெர்மினல். துளிகூட மங்காமல் எரிந்தால்தான் செல்ஃப் மேல் சந்தேகப்படலாம்.

முன்னூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுசு, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் செல்ஃப் அடிக்க லாயக்கில்லை. உங்கள் வண்டிக்கு வருவது 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. 3.5 ஆம்பியரில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிதானமாக ஏற்ற வேண்டும். பிளேட் மூழ்காமல் இருந்தால் அது மூழ்கும் வரை மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விட்டு ஏற்றுங்கள். மேல் கோடு வரை நிரப்புவது ஏற்றி முடித்த பிறகு. முன்னாலேயே நிரப்பினால் ஏறும்போது பொங்கி ஆசிட் வழியும். ஏற்றும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் பீடி, ஊதுபத்தி எதுவும் ஆகாது. ஏற்றி நாலு மணி நேரம் சும்மா விட்டுப் பாருங்கள். 12.4-க்குக் கீழே இறங்கினாலும், செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தாலும் பேட்டரியை மாற்றுவதுதான் வழி. பல மாதம் காலியாகவே கிடந்தால் பிளேட் மேல் சல்பேட் இறுகிவிடும். அது ஏற்றினால் போகிற நோய் இல்லை.

டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், ஒரு டம்ளர் சுடுதண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து ஊற்றுங்கள், நுரைத்துக் கழன்றுவிடும். செல் மூடிகள் மட்டும் இறுக்கமாக இருக்கட்டும், சோடா உள்ளே போனால் ஆசிட் கெட்டுவிடும். பிறகு எல்லோரும் மறக்கிற எர்த். நெகடிவ் கேபிள் பாடியிலும் கியர்பாக்ஸிலும் முடுக்கிய போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து முடுக்குங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகடிவிலும் மறுமுனையை என்ஜின் இரும்பிலும் வைத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில்தான். 'செல்ஃப் போச்சு' என்று கழற்றப்படும் மோட்டார்களில் பல நல்ல மோட்டார்கள்.

பேட்டரி சரியானாலும் உடனே அடிக்க வேண்டாம். பதினாலு மாதத்தில் சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் முழுக்க வடிந்திருக்கும். மூன்று பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஊசி சிரிஞ்சால் 5 மில்லி என்ஜின் ஆயில் விட்டு அரை மணி விடுங்கள். பிளக்குகளுக்கு ஸ்பார்க் கரண்ட் தரும் காயிலின் பாசிடிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, பிளக் இல்லாமலேயே பத்துப் பத்து விநாடியாக, நடுவில் ஒரு நிமிடம் விட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை சுற்றுங்கள். துளையிலிருந்து ஆயில் பீய்ச்சும், மேலே ஒரு பழைய துணி போடுங்கள். பிளக்கை பிரஷ்ஷால் சுத்தம் செய்து, இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. வைத்து, கையால் கடைசி வரை திருகிய பிறகே ஸ்பேனர் போடுங்கள். ஹெட் அலுமினியம், மரை கெட்டால் செலவு பெரிது.

ஏற்காட்டிலிருந்து: எஸ்டேட்டுல பழைய பெட்ரோல் அம்பாசடர் ஒண்ணு இருக்கு. ஒரு மழைக்காலம் பூரா நின்னுச்சு. செல்ஃப் நல்லா சுத்துது, காலையில பிடிக்கவே மாட்டேங்குது. மத்தியானம் வெயில் வந்தா சில நாள் பிடிச்சுக்குது.

வெயில் வந்தால் பிடிக்கிறது என்று நீங்களே பதிலையும் சொல்லிவிட்டீர்கள். பனி இறங்கி டெல்கோ (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்) மூடிக்குள் ஈரம் கோத்திருக்கிறது. பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் அந்த ஈரத்தின் வழியாக எர்த்துக்கு ஓடுகிறது. மூடியைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். உள்ளே மண்புழு ஊர்ந்த தடம் போலக் கருப்புக் கோடு ஒன்று ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடினால் அந்த மூடி முடிந்தது. துடைத்தாலும் அடுத்த பனியில் திரும்ப வரும். கோடு இல்லையென்றால் காய்ந்த துணியால் துடைத்து ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். நடுவில் இருக்கும் கார்பன் குச்சி ஸ்பிரிங்கில் ஏறி இறங்குகிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள்.

அடுத்தது டெல்கோவுக்குள் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட். ஒரு சீசன் நின்றாலே அதன் மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய படலம் படரும். கண்ணுக்குச் சரியாகவே தெரியும், கரண்ட் மட்டும் போகாது. 400 நம்பர் உப்புத்தாளை மடித்து இரண்டு தடவை இழுத்து, பிறகு பெட்ரோலில் நனைத்த விசிட்டிங் கார்டை நடுவே விட்டு இழுங்கள். கார்டில் கறை வராத வரை விடாதீர்கள். இடைவெளி 0.38 முதல் 0.40 மி.மீ.; கேம் முனை பாயிண்டை முழுசாகத் திறந்திருக்கும்போது ஃபீலர் கேஜ் போட்டுப் பார்க்க வேண்டும். பிளக் இடைவெளி 0.6 மி.மீ. ஒயர்களைக் கழற்றினால் திரும்பப் போடும் வரிசை 1-3-4-2, ரோட்டர் இடப்புறமாகச் சுற்றும்.

ஸ்பார்க் பார்க்க: ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரோடு என்ஜின் இரும்பில் படுத்துவைத்து செல்ஃப் அடியுங்கள். நீலமாக 'டப் டப்' என்று வெட்டினால் நல்லது. ஆரஞ்சு நிறத்தில் மெலிந்து வந்தால் கண்டென்சர் அல்லது காயில்.

உங்கள் வண்டியில் ஹேண்டில் போடும் வசதி இருந்தால் பேட்டரியை வதைக்காமல் அதை வைத்துச் சுற்றிப் பாருங்கள். கட்டைவிரலை மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே மட்டும் இழுக்க வேண்டும். ஹேண்டிலை முஷ்டியாகச் சுற்றிப் பிடித்தால் என்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும்போது கட்டைவிரல் போய்விடும்.

இன்னொன்று: ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், காற்று மெலிசு. சேலத்தில் ட்யூன் செய்த கார்பரேட்டர் மேலே வந்தால் பெட்ரோலை அதிகம் கொடுக்கும். சோக்கை முழுக்க இழுத்து, பிடிக்கவில்லை என்று மறுபடி மறுபடி அடித்தால் பிளக் நனைந்துதான் போகும். இரண்டாம் தடவை அடிக்கும்போது சோக்கைப் பாதிக்கு விட்டுவிடுங்கள்.

ஓமலூரிலிருந்து: ரெண்டு வருசத்துப் பெட்ரோல் டேங்க்ல பாதி இருக்குதுங்க. மேல புதுசு ஊத்திக்கலாமா?

வேண்டாம். 2023-இல் தொடங்கி இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும்; பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். ஒரு கண்ணாடி பாட்டிலில் கால் லிட்டர் எடுத்துக் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தாலோ, கட்டன் சாயா நிறத்துக்கு வந்திருந்தாலோ, பெயின்ட் வாடை அடித்தாலோ முழுசாக இறக்குங்கள். திறந்தவெளியில், பேட்டரி கேபிளைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் பக்கெட்டில் இல்லாமல் மூடியுள்ள இரும்பு கேனில் பிடியுங்கள்.

கார்ப் வண்டியாக இருந்தால் ஃப்ளோட் கிண்ணத்தைத் திறந்தே ஆக வேண்டும். பெட்ரோல் ஆவியாகி அடியில் பழுப்பு வார்னிஷ் ஒட்டியிருக்கும். ஊசி வால்வு அதில் ஒட்டிக்கொண்டால் ஒன்று பெட்ரோல் வராது, அல்லது வந்து வழிந்துகொண்டே இருக்கும். பெட்ரோல் போகும் சின்னத் துளையுள்ள ஜெட்டைக் கழற்றி கார்ப் கிளீனர் அடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை, துளை பெரிதானால் மைலேஜ் ஒழிந்தது.

பிறகு ஏசி பம்ப், அதாவது டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கார்ப்புக்குத் தரும் பம்ப். கார்ப்பில் வந்து சேரும் ஹோஸைக் கழற்றி பாட்டிலில் விட்டு, காயில் ஒயரைக் கழற்றியபின் பத்து விநாடி செல்ஃப் அடியுங்கள். விட்டுவிட்டுப் பீய்ச்சினால் பம்ப் நன்று. சொட்டினால் டயாஃப்ரம் விறைத்துவிட்டது. பழைய ரப்பர் ஹோஸ் எத்தனாலில் ஊறி உப்பும், வெடிக்கும். ஸ்டார்ட் ஆன பிறகு வெடித்தால் என்ஜின் சூட்டில் தீதான். ஹோஸ் மொத்தத்தையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சூரமங்கலத்திலிருந்து: 2005 ஆல்டோங்க. ஆறு மாசம் நின்னுச்சு. செல்ஃப் ஜோரா சுத்துது, பிடிக்கவே இல்ல. கார்ப் இல்லாத வண்டிக்கு எதப் பாக்குறது?

சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, பின்சீட்டுப் பக்கம் காதை வையுங்கள். இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று முனகல் கேட்க வேண்டும். கேட்டால் பம்ப் ஓடுகிறது. கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, பிறகு பம்ப். நின்று இறுகிய பம்ப்பாக இருந்தால், ஒருவர் சாவியை ஆன் செய்யும்போது இன்னொருவர் டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினால் ஓடத் தொடங்கலாம். அப்படி ஓடிய பம்ப்பை நம்பி ஊருக்குக் கிளம்பாதீர்கள், மாற்றிவிடுங்கள். டேஷ்போர்டில் சாவி விளக்கோ என்ஜின் விளக்கோ சிமிட்டிக்கொண்டே இருந்தால் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் பூட்டு) சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் எலி. ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறங்கள், தேங்காய் நாரும் கந்தல் துணியும் கூடாக இருந்தால் இஞ்செக்டர் ஒயரையும் கடித்திருக்கும். கடித்த இடம் ஒயர் கட்டின் அடிப்பக்கம்தான் இருக்கும், செல்போன் டார்ச்சைக் கீழிருந்து அடியுங்கள். பிளக் நனைந்திருந்தால் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திக்கொண்டு செல்ஃப் அடியுங்கள், கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், சிலிண்டர் காயும்.

ஆத்தூரிலிருந்து: டீசல் வண்டி, பழைய சுமோ. ஃபில்டர் மாத்துனதுக்கப்புறம் ஒரு வருசமா நிக்குது. அடிச்சு அடிச்சு பேட்டரிதான் போச்சு.

ஏர் லாக், டீசல் வரும் வழியில் காற்று அடைத்திருக்கிறது. ஃபில்டர் தலையில் இருக்கும் வென்ட் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்தி, கைப்பம்ப்பை அழுத்துங்கள். முதலில் நுரை, பிறகு குமிழி, கடைசியில் குமிழியே இல்லாமல் டீசல் வழியும். அழுத்திக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். கையை எடுத்துவிட்டு முடுக்கினால் காற்று திரும்ப ஏறிவிடும். அதற்கும் பிடிக்காவிட்டால் இஞ்செக்டர் பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி செல்ஃப் அடியுங்கள், டீசல் கசிந்ததும் ஒவ்வொன்றாக முடுக்குங்கள். அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியதுபோல் இருக்கும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. ஃபில்டர் அடியில் தேங்கிய தண்ணீரையும் இறக்குங்கள். ஹீட்டர் பிளக் இருந்தால் அதன் விளக்கு அணையும் வரை பொறுங்கள்.

அம்மாபேட்டையிலிருந்து: பத்மினி, அஞ்சாறு வருசம் ஆச்சு. புல்லியில ஸ்பேனர் போட்டாலும் அசையலைங்க.

நாலு பிளக் துளையிலும் பாதி டீசல், பாதி என்ஜின் ஆயில் கலந்து ஐந்து ஸ்பூன் வீதம் விட்டு இரண்டு நாள் விடுங்கள். மூன்றாம் நாள் பிளக் இல்லாமல், புல்லி போல்ட்டை முடுக்கும் திசையில் மட்டும், இஞ்ச் இஞ்சாக அசைத்துப் பாருங்கள். நீளக் குழாய் மாட்டி முரட்டுத்தனமாக இழுத்தால் ரிங் உடையும். ஒரு வாரம் ஆகியும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றுவதே மேல். அசைந்துவிட்டால் ஆயிலை வடித்துப் புதிது ஊற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள், நீங்கள் விட்ட டீசல் என்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பில் இறங்கியிருக்கும்.

மீண்டும் ஏற்காடு: வண்டி மேல இருக்கு. அப்படியே மலைப்பாதையில உருட்டி, கியர் போட்டு ஸ்டார்ட் பண்ணிக்கலாமா?

கூடவே கூடாது. என்ஜின் ஓடாதபோது பிரேக் பூஸ்டர் இருந்தும் இல்லாததற்குச் சமம், நின்ற வண்டியில் டிரம் துருவேறி இருக்கும், வீல் சிலிண்டர் கசிந்திருக்கலாம். கீழே இருபது கொண்டை ஊசி வளைவு. பிரேக்கைச் சரிபார்த்துவிட்டு, மேலேயே தட்டையான இடத்தில் ஸ்டார்ட் செய்யுங்கள்.

கொண்டலாம்பட்டியிலிருந்து: ஸ்டார்ட் ஆயிருச்சுங்க! ஆனா கிளட்ச் மிதிச்சாலும் கியர் விழ மாட்டேங்குது. ஒரே கர்ர்ருங்குது.

கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருவில் ஒட்டியிருக்கிறது. என்ஜினை நன்றாகச் சூடாக்கி அணையுங்கள். முன்னால் காலி இடம் இருக்க, நாலாவது கியரில் போட்டு, கிளட்ச்சை முழுக்க மிதித்தபடி இரண்டு பேரை வண்டியை முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லுங்கள். 'டக்' என்று விட்டுக்கொடுக்கும். ஹேண்ட்பிரேக் போட்டே நிறுத்தியிருந்தால் பின் சக்கரமும் ஒட்டியிருக்கும், டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் தட்டுங்கள். ரோட்டில் இறக்குமுன் டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள்: 3216 என்றால் 2016-இன் 32-வது வாரம். பட்டன் எவ்வளவு உயரம் இருந்தாலும் அந்த டயரில் வேகம் போகாதீர்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து: நான் வெளிநாடு போறேன், எட்டு மாசம் ஆகும். வாரம் ஒரு தடவ அஞ்சு நிமிசம் ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டுப் போகட்டா?

அதைவிடச் சும்மா விடுவதே மேல். ஐந்து நிமிடத்தில் என்ஜின் சூடாகாது. சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீர்தான் சேரும், பேட்டரியில் செலவான சார்ஜும் திரும்ப ஏறாது. ஓட்டத் தெரிந்த ஆள் இருந்தால் இருபது நாளைக்கு ஒரு தடவை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டட்டும். இல்லையென்றால் புது ஆயில், நிறைந்த டேங்க், கழற்றிய நெகடிவ் கேபிள், டயரில் வழக்கத்தைவிட ஐந்து பவுண்டு கூடுதல் காற்று. ஹேண்ட்பிரேக் வேண்டாம், சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். சைலன்சர் வாயில் இரும்பு வலையைச் சுருட்டி அடைத்து, அடைத்திருப்பதை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிட்டுப் போங்கள்.